செந்தொண்டைக் குருவி

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் சுகம். அங்கே நீயும் அம்மாவும் சுகம்தானே? போன படகில் அம்மாவின் முழங்காலுக்கு அனுப்பிய தைலம் வந்து சேர்ந்ததா என்று ஒரு வரி எழுது. நீ எழுத மாட்டாய் என்று தெரியும். புட்டி காலியானதும் அம்மாவே யாரையாவது பிடித்து எழுதச் சொல்வாள்.

இந்தக் கடிதத்தோடு தடுப்பூசி எடுத்துப்போகும் குளிர்பெட்டி ஒன்று வருகிறது. உள்ளே ஒரு செத்த குருவி இருக்கிறது. அருங்காட்சியகத்தில் சேர்ந்த நாளிலிருந்து, "செத்த பறவை எது கெடச்சாலும் எனக்கு அனுப்புக்கா" என்று என் உயிரை எடுத்தாய் அல்லவா? மற்ற தம்பிகள் அக்காவிடம் கைச்செலவுக்குக் கேட்பார்கள். எனக்கு வாய்த்தவன் பிணம் கேட்கிறான்.

நேற்றுக் காலை சுகாதார நிலையத்தின் சன்னல் கண்ணாடியில் வந்து மோதி விழுந்தது. கொஞ்ச நேரம் உயிர் இருந்தது. பிறகு என் உள்ளங்கையிலேயே அடங்கிவிட்டது. இந்தத் தீவுக்கு நான் ஒருத்திதான் நர்ஸ். எத்தனையோ பேரைப் பார்த்த கை இது. ஒரு குருவிக்கு மனசு கஷ்டப்பட்டது என்று எழுதினால் நீ சிரிப்பாய். உன் அத்தான் ஏற்கெனவே போதுமான அளவு சிரித்தாயிற்று. அதனால் அந்தக் கதையை இத்தோடு விடுகிறேன்.

பெட்டி அரசாங்கச் சொத்து. கழுவித் திருப்பி அனுப்பு.

உன் அக்கா


மார்ச் 21

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அம்மாவும் நலம். தைலம் வந்தது, வாசனை மூன்று வீடு தாண்டிப் போகிறது. பெட்டியைக் கழுவி இதே தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

குருவியைப் பற்றி. அதை உரித்து, பஞ்சு அடைத்து, காலில் சீட்டுக் கட்டி மேசைமேல் வைத்து ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எங்களிடம் இழுப்பறை இழுப்பறையாகப் பறவைகள் மல்லாந்து படுத்திருக்கின்றன. எதோடு வைத்துப் பார்த்தாலும் உன் குருவி ஒத்துப்போகவில்லை. கடைசியில் பயந்துகொண்டே எங்கள் பிரிவுத் தலைவரிடம், அதாவது பெரியவரிடம், எடுத்துப்போனேன். பூதக்கண்ணாடியைக் கீழே வைக்காமல் ரொம்ப நேரம் பார்த்தார். "இது நம்மகிட்ட இல்ல. வேற எவன்கிட்டயும் இல்ல" என்றார். அவர் என் பக்கம் திரும்பிப் பேசியதே அன்றைக்குத்தான்.

எனக்கு உடனே தெரிய வேண்டியது: இதே குருவி அங்கே இன்னும் இருக்கிறதா? எந்தப் பக்கம்? வேறு தீவுகளில் யாராவது பார்த்திருக்கிறார்களா?

அச்சில் வரும்வரை புதுப் பறவையின் அடையாளம் எதையும் வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் பிரிவின் சட்டம். அதனால் எது புதியது என்று உனக்கும் எழுதவில்லை. "பெண்டாட்டிகிட்டகூட மூச்சு விடக் கூடாது" என்பார் பெரியவர். எனக்குப் பெண்டாட்டி இல்லாததால் அந்தச் சட்டம் உன்மேல் பாய்கிறது. கோபித்துக்கொள்ளாதே.

அத்தானுக்கு என் வணக்கம்.

தம்பி


ஏப்ரல் 7

அன்புள்ள தம்பிக்கு,

நலம். இங்கே எல்லோருக்கும் இருமல், எனக்கு மட்டும் இல்லை. அது வரவும் நேரம் வேண்டுமே.

பெரிய ரகசியக்காரனே, கேட்டதற்குப் பதில். அந்தக் குருவி இங்கே நிறைய உண்டு. எல்லாம் சுகாதார நிலையத்துக்குப் பின்னால், தீவின் தெற்குப் புதரில். பறக்கச் சொன்னால் கூலி கேட்கும் சாதி. தரையிலேயே நடந்து திரியும், ரொட்டித் துணுக்கு போட்டால் செருப்புமேல் ஏறி நின்று தின்னும். உனக்கு வந்தது எப்படி சன்னல் உயரத்துக்குப் பறந்தது என்பதே அதிசயம், அதனால்தான் மோதியது போலிருக்கிறது. தீவின் மற்ற பக்கம் கிடையாது. படகோட்டியைக் கேட்டேன். இந்தக் கடலில் அவர் கால் வைக்காத தீவு இல்லை. "வேற எங்கயும் நான் பாத்ததில்லம்மா, இங்கதான்" என்றார்.

இன்னொரு செய்தி. தெற்குப் புதரை வெட்டிவிட்டு மீன் பதப்படுத்தும் ஆலை கட்டப்போகிறார்களாம். மழை நின்றதும் வேலை தொடங்கும். உன் அத்தானை இயந்திரப் பிரிவுக்கு எடுத்துக்கொள்வதாக மேலாளரே வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார். படகு இயந்திரம் பழுது பார்த்துப் பார்த்து அவருக்கு முதுகு வளைந்துவிட்டது. இனி மாதச் சம்பளம், கூரைக்குக் கீழே வேலை. இரண்டு நாளாக வீட்டில் விசில் சத்தம்.

உன் அக்கா


ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். நீங்கள் இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

வந்துவிட்டது. ஆய்விதழில் நானும் பெரியவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை வந்து, பிறகு செய்தித்தாளிலும் போட்டார்கள். வண்ணப்படத்தோடு வந்த பக்கத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். ஒரே ஒரு சிறு தீவில் மட்டும் வாழும் புதிய இனம். பெயர், செந்தொண்டைக் குருவி.

பதினோரு வருடமாகத் தற்காலிகமாக இருந்தேன். என் நாற்காலிகூட அடுத்த பிரிவிலிருந்து இரவல். போன வாரம் நிரந்தர உத்தரவு கையில் வந்தது. அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. செய்தித்தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு தெருவெல்லாம் போய் வருகிறாள். முழங்கால் வலி எங்கே போனதென்று தெரியவில்லை.

சங்கடமான விஷயம் ஒன்று. ஆகஸ்டு கடைசியில் ஒரு குழு உங்கள் தீவுக்கு வரும். குருவி இருப்பதை அவர்கள் நேரில் பார்த்து எழுதிவிட்டால் தெற்குப் புதரில் யாரும் கை வைக்க முடியாது. ஆலை நின்றுபோகும். அத்தானை நினைத்தால் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அவரிடம் நீ பக்குவமாகச் சொல்.

தம்பி


ஜூன் 24

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல். நிரந்தரமானவனுக்கு அக்காவின் ஆசீர்வாதம். அத்தான் செய்தியைக் கேட்டு விசிலை நிறுத்திவிட்டார். பிறகு, "சரி, வேற ஏதாவது வரும்" என்றார். அதற்குமேல் அவர் எதையும் சொல்கிற ஆள் இல்லை.

படத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தேன். ஏண்டா, குருவிக்குத் தொண்டை எங்கே சிவப்பாக இருக்கிறது? அது நான் போட்ட மருந்து. விழுந்தபோது கழுத்தில் காயம். பஞ்சில் சிவப்பு மருந்தை நனைத்துத் தடவினேன். அத்தான் பார்த்துவிட்டு, "குருவிக்கு ஊசியும் போட்டுடு" என்று கேலி செய்ததில் வெட்கமாகப் போய் உனக்கு எழுதாமல் விட்டேன்.

"நடுவில் ஆழ்ந்த சிவப்பு, விளிம்பை நோக்கிச் சீராக வட்டமாய் மங்குகிறது" என்று அழகாக எழுதியிருக்கிறீர்கள். மங்காமல் என்ன செய்யும்? நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக வட்டம் வட்டமாகத் தடவ வேண்டும் என்றுதான் எங்களுக்குப் பயிற்சி. உன் பெரியவர் பூதக்கண்ணாடியில் பார்த்து வியந்தது என் கைவேலையை. அவரிடம் சொல், அவரும் சிரிப்பார்.

இங்கே இருக்கும் குருவிகள் எல்லாம் தலை முதல் வால் வரை பழுப்பு. படத்தைத் திருத்தி இன்னொரு முறை போடச் சொல்.

உன் அக்கா


ஆகஸ்டு 3

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே சுகம். அங்கே?

இரண்டு படகு வந்து போய்விட்டன. என் கடிதம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கிறது. அம்மாவிடமிருந்து மட்டும் வந்தது, யாரோ பள்ளிக்கூடப் பெண் எழுதிக் கொடுத்திருக்கிறாள். நீ வேளைக்கு அலுவலகம் போகிறாய், வேளைக்குத் தூங்குகிறாய், சரியாகச் சாப்பிடுவதில்லை என்று இருந்தது. உடம்புக்கு ஏதாவது என்றால் மறைக்காதே. காய்ச்சலா, வயிறா, எதுவென்று எழுது.

சிரித்து எழுதியது உன்னைப் புண்படுத்திவிட்டதா?

உன் அக்கா


ஆகஸ்டு 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உடம்புக்கு ஒன்றும் இல்லை. வேலை அதிகம், அதனால் எழுத முடியவில்லை.

இங்கே நல்ல மழை. கீழ்த்தள அறைகளில் ஓதம் ஏறிவிட்டது, இழுப்பறைகளையெல்லாம் மேல் மாடிக்கு ஏற்றினோம். எனக்கு இப்போது சொந்த நாற்காலி, கை வைத்தது. அம்மா பெண் பார்க்கத் தொடங்கியிருக்கிறாள். போகிற இடத்திலெல்லாம் செய்தித்தாளைக் காட்டுகிறாள்.

குழு இந்த மாதக் கடைசியில் புறப்படுகிறது. தலைமை ஓர் அம்மா, கெட்டிக்காரி, அதிகம் பேச மாட்டார். உங்கள் சுகாதார நிலையத்தில்தான் தங்குவார்கள். அவர்களுக்கு வேண்டியதைக் கவனித்துக்கொள்.

உங்கள் தீவில் இருமல் எல்லாம் சரியாகிவிட்டதா?

தம்பி


செப்டம்பர் 15

அன்புள்ள தம்பிக்கு,

இருமல் சரியாகிவிட்டது. அதைக் கேட்டாய், சந்தோஷம்.

குழு வந்தது, தேடியது, போய்விட்டது. நாலு பேர். விடிவதற்குமுன் தொலைநோக்கியோடு கிளம்பி, முள்ளில் கிழிபட்டு, இருட்டும்போது திரும்புவார்கள். நான் மருந்து போட்டுவிடுவேன். அந்தச் சிவப்பு மருந்தேதான். அவர்கள் தேடியதெல்லாம் செய்தித்தாள் படத்தில் இருந்த சிவப்புத் தொண்டையை. பழுப்புக் குருவிகள் அவர்கள் காலைச் சுற்றிக்கொண்டு திரிந்தன. ஒன்று குழுத் தலைவி அம்மாவின் ரொட்டித் தட்டிலேயே ஏறி நின்றது. "இது என்ன குருவி?" என்று உதவியாளரைக் கேட்டார். "எல்லா எடத்துலயும் இருக்குமே, அந்த சாதாக் குருவிதான்" என்றான் அவன். அவருக்குச் சந்தேகம்தான், கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் வந்த வேலை வேறாயிற்றே.

கிளம்பும்போது என்னிடம், "அந்த ஒண்ணுதான் கடைசிக் குருவி போலிருக்கு. உங்க சன்னல்ல மோதி அதுவும் போயிடுச்சு" என்றார். அழிந்துவிட்டது என்றுதான் எழுதப்போகிறாராம். அழிந்ததைக் காப்பாற்ற ஒன்றுமில்லை என்பதால் ஆலைக்கும் தடையில்லையாம். அத்தானின் விசில் திரும்பி வந்துவிட்டது.

நான் வாயைத் திறக்கவில்லை. நீ என் ஜூன் மாதக் கடிதத்துக்குப் பதில் எழுதவில்லை என்பதால் திறக்கவில்லை. நான் என்ன செய்ய வேண்டும் என்று நீதான் சொல்ல வேண்டும். மென்று விழுங்காமல் சொல்.

உன் அக்கா


செப்டம்பர் 30

அக்காவுக்கு,

உன் ஜூன் மாதக் கடிதம் கிடைத்த அன்றே, எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், பஞ்சை நனைத்து ஒரு முறை தொட்டுப் பார்த்தேன். பஞ்சு சிவந்தது. குருவியை இருந்த இடத்திலேயே வைத்து இழுப்பறையை மூடினேன். பிறகு கைகழுவிவிட்டு நானும் சாப்பிடப் போனேன்.

அன்றே சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் சொல்லலாம் என்று இருந்தேன். மறுநாள் பெரியவர் என்னை மேலதிகாரிகளிடம் அழைத்துப்போய், "கண்டுபுடிச்சது இவன்தான்" என்று தோளில் தட்டினார். அதற்குப் பிறகு சொல்ல வாய் வரவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா. நாற்பதை நெருங்கும்போது எனக்கென்று ஒன்று கிடைத்திருக்கிறது.

யோசித்துப் பார். அழிந்துபோன இனம் என்று எழுதிவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. கட்டுரை நிற்கும். என் வேலை நிற்கும். அம்மா நாலு பேர் முன்னால் தலைகுனிய வேண்டாம். அத்தானுக்கும் ஆலையில் வேலை. நீ ஒரு வார்த்தை பேசாமல் இருந்தால் போதும். உன்னிடம் நான் பறவைகளைத் தவிர வேறு எதுவும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு.

தம்பி


அக்டோபர் 14

தம்பிக்கு,

நாங்கள் சுகம். உன் கடிதத்தைக் கிழித்துவிட்டேன்.

அத்தானின் வேலையை எனக்கு நினைவுபடுத்த வேண்டாம். அவர் முதுகுக்கு எண்ணெய் தேய்ப்பவள் நான். யாருக்கும் நஷ்டமில்லை என்று எழுதியிருக்கிறாய். காலையில் நிலையத்தைத் திறக்கும்போது வாசலில் பத்துப் பன்னிரண்டு நிற்கின்றன. முட்டை வைக்கும் காலம், சில வாயில் நார் கவ்வியிருக்கின்றன. நேற்று ஆலைக்காரர்கள் புதருக்குள் முளைக்குச்சி அடித்துக் கயிறு கட்டிவிட்டுப் போனார்கள். குருவிகள் கயிற்றுக்கு அடியில் நுழைந்து போய் வருகின்றன. வேறு எந்தத் தீவிலும் இவை இல்லை என்று அச்சில் போட்டது நீதான்.

இந்தத் தீவில் இறப்புச் சான்று எழுதுவதும் என் வேலைதான். நாடி பார்த்து, கண் பார்த்து, கொஞ்சம் பொறுத்திருந்து மறுபடியும் பார்த்துவிட்டுத்தான் எழுதுவேன். உயிரோடு முன்னால் நிற்பவர்களுக்குப் போய்விட்டார்கள் என்று எழுதிக் கொடுக்க என்னால் ஆகாது. நீ எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருக்கவும் ஆகாது.

அதனால் சொல்கிறேன். அடுத்த படகில் உன் பெரியவருக்கு என் கடிதம் வரும். மருந்தின் பெயர், தடவிய விதம், இங்கே வாசலில் நிற்கும் குருவிகள், எல்லாம் அதில் இருக்கும். உனக்கு நடுவில் ஒரு படகுக் காலம் இருக்கிறது. அதற்குள் நீயே போய்ச் சொல்லிவிடு. அவன் அக்கா சொல்லித்தான் தெரிந்தது என்ற பேச்சு உனக்கு வேண்டாம்.

அம்மா தலைகுனிந்தால் நான் வந்து நிமிர்த்துகிறேன். அவளை நிமிர்த்துவது பெரிய காரியமில்லை, ஒரு புட்டித் தைலம் போதும்.

உன் அக்கா


நவம்பர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அம்மாவும் நலம்.

சொல்லிவிட்டேன். போன மாதம் இருபத்தாறாம் தேதி, படகு வருவதற்கு இரண்டு நாள் முன்பு. தட்டோடு குருவியை எடுத்துக்கொண்டு பெரியவர் அறைக்குப் போனேன். அவர் மேசையில் தண்ணீர் இருந்தது. பஞ்சை நனைத்துத் தொண்டையைத் துடைத்தேன். முழுவதும் போகும்வரை துடைத்தேன்.

அவர் பஞ்சைப் பார்த்தார். "எவ்வளவு நாளா தெரியும்?"

"ஜூன் கடைசியிலேருந்து."

"உக்காரு" என்றார். திட்டுவார் என்று உட்கார்ந்தேன். அவர் பூதக்கண்ணாடியை எடுத்து மறுபடியும் முதலிலிருந்து பார்க்கத் தொடங்கிவிட்டார். இறக்கை இவ்வளவு கட்டையாக வேறு எந்த உறவு இனத்திலும் இல்லை. பின் விரல் நகம் அவ்வளவு நீளமாக எதிலும் இல்லை. "செவப்பு போனாலும் குருவி புதுசுதான்டா. நாம ரெண்டு பேரும் தொண்டைக்குக் கீழ பாக்கவே இல்ல" என்றார். அவருக்கு அழுகை வந்ததா சளியா என்று எனக்குத் தெரியவில்லை.

கட்டுரையைத் திரும்பப் பெற்றாயிற்று. குழுத் தலைவி அம்மா இந்த மாதம் மறுபடியும் உங்கள் தீவுக்கு வருகிறார். வேறு பெயரில், வேறு கட்டுரை அவரே எழுதுவார். அதில் என் பெயர் இருக்காது. நான்கு மாதம் மறைத்ததற்காக என் நிரந்தர உத்தரவை ரத்து செய்துவிட்டார்கள். இப்போது வாசலில் நுழைவுச்சீட்டுக் கிழிக்கிறேன். ஆலை வேலையை நிறுத்தி வைக்கச் சொல்லித் தந்தி போயிருக்கும், பார்த்திருப்பாய். அத்தானிடம் எப்படிச் சொல்வேன் என்று தெரியவில்லை.

அம்மா இரண்டு நாள் வெளியே போகவில்லை. மூன்றாம் நாள் போனாள். செய்தித்தாளை எடுத்துக்கொண்டு போகவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். இருபத்தெட்டாம் தேதிப் படகின் தபாலில் பெரியவருக்கு உன் கடிதம் வரவில்லை. தபால் பிரிவிலும் விசாரித்துவிட்டேன். நான் சொல்லிவிட்டேன் என்று உனக்கு எப்படித் தெரிந்தது? எப்படி நிறுத்தினாய்?

தம்பி


நவம்பர் 22

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நாங்கள் நலம். நீ வேளைக்குச் சாப்பிடு.

கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். அந்த அம்மா வந்திருக்கிறார், வாசற்படியில் உட்கார்ந்தே எழுதுகிறார், எங்கேயும் தேடிப்போகவில்லை. அத்தானிடம் நானே சொன்னேன், மருந்து முதல் எல்லாவற்றையும். கேட்டுக்கொண்டு படகுத்துறைக்குப் போனார். சாயங்காலம் வந்து, "குருவிக்கு வைத்தியம் பாத்து புருஷன் வயித்துல அடிச்சவ நீ ஒருத்திதான்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் விசில் இன்னும் வரவில்லை.

உன் கேள்விக்கு வருகிறேன். நான் எதையும் நிறுத்தவில்லை. உன் பெரியவருக்கு நான் எழுதவே இல்லை. இரண்டு தடவை எழுத உட்கார்ந்தேன். "மதிப்பிற்குரிய ஐயா" என்பதைத் தாண்டிக் கை போகவில்லை. தம்பியைக் காட்டிக் கொடுத்து எழுத எனக்கு வராது. அது உனக்குத் தெரிந்திருக்கும் என்று பயந்துகொண்டேதான் அக்டோபரில் உனக்கு எழுதிய கடிதத்தைப் படகில் போட்டேன்.

நீ சொல்லாமல் இருந்திருந்தால் நானும் சொல்லியிருக்க மாட்டேன். புதரை வெட்டியிருப்பார்கள். நான் சன்னலைச் சாத்திவிட்டு உள்ளே யாருக்காவது ஊசி போட்டுக்கொண்டு இருந்திருப்பேன்.

உன் அக்கா